நாலு நிமிடம் சுற்றிய ஆட்டுக்கல்

சேசு மரி சூசை

குருநகர்,
06.06.1982

அன்பு மகன் லியோனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். உன் அக்கா அற்புதராணியும் பிள்ளைகளும் சுகம். கொழும்பில் நீயும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினையாதே. நான்தான் எழுதுகிறேன். உன் அப்பன் சூசைதாசன், அறுபத்தாறு வயதில், தன் கையால். அம்மா மோசம்போய் அடக்கம் பண்ணிய அடுத்த மாதம் கோயிலுக்குப் பின்னால் சிஸ்டர் நடத்தும் வகுப்பில் போய் இருந்தேன். ஆறு கிழவர்கள் தொடங்கினோம். ஐந்து பேர் கண் தெரியவில்லை என்று நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. அம்மா இருந்தவரை உனக்கு அவ எழுதினா. அதற்குப் பிறகு அக்கா எழுதினாள். அவளிடம் சொன்னால் தன் பிள்ளைகளின் இருமலைத்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறாள்.

இப்போது நான் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பஸ்ஸின் நெற்றியை வாசிக்கிறேன். தீப்பெட்டியின் முதுகை வாசிக்கிறேன். கல்லறைகளை வாசிக்கிறேன். இத்தனை வருடமும் இவையெல்லாம் என் முன்னால் கதைத்துக்கொண்டு நின்றிருக்கின்றன, எனக்குத்தான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் சென்றது. ஒவ்வொரு நாளும் சந்தோஷமான நாள்.

சந்தோஷம் இவ்வளவுதான். இனிக் கோபம்.

எங்கள் கடற்றொழில் சங்க மண்டபத்துக்கு ரீவி வந்திருக்கிறது. வியாழக்கிழமை ஏழு மணிக்கு நீ எழுதும் நாடகத்தைப் பார்க்க ஊரே கூடுகிறது. ‘அப்பா வீட்டிலை நிக்கிறார்’ என்று பெயராம். வஸ்தியாம்பிள்ளை என்று ஒரு அப்பனாம். வீட்டில் எது பழுதானாலும் தானே திருத்தப் போய் நாசமாக்குவானாம். நான் பார்க்கவில்லை. துக்க வருடத்தில் நான் மண்டப வாசலை மிதிக்க மாட்டேன். துறையடிக் கனிசியஸ் வந்து சொன்னான்.

போன கிழமை அந்த அப்பன் வள்ளத்து எஞ்சினுக்குப் பட்டி போட்டு ஆட்டுக்கல்லைச் சுற்ற வைத்தானாம். மா எல்லாம் பறந்து பெண் பார்க்க வந்தவர்களின் முகத்தில் அடித்ததாம். லியோன், நம்முடைய வீட்டில் பெண் பார்க்க எவனும் வரவில்லை. இருந்தவன் கனிசியஸ் ஒருவன். அவனுடைய முகத்துக்கு மா படாமல் இருந்ததும் ஒன்று, பட்டதும் ஒன்று. அதோடு, பட்டி அறுவதற்கு முன் கல் நாலு நிமிடம் ஒழுங்காகச் சுற்றியது. உழுந்து வெண்ணெய் மாதிரி அரைபட்டது. அந்த நாலு நிமிடத்தை ஏன் காட்டவில்லை?

அவர்கள் சிரிப்பது நான் நட்ட அன்ரெனாக் கம்பத்தில் வரும் படத்தைப் பார்த்து. அதையும் யோசி.

உன் அப்பன்,
வ. சூசைதாசன்
(இது கையெழுத்து. பெருவிரல் அடையாளம் அல்ல.)

*

கொட்டாஞ்சேனை,
20.06.1982

அன்புள்ள அப்பாவுக்கு லியோன் எழுதுவது. நான் சுகம். உங்களுடைய சுகத்தை உங்களுடைய எழுத்திலேயே வாசித்தேன். அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? கடிதத்தை நான் வேலை செய்யும் கந்தோரில் எல்லோருக்கும் காட்டினேன். கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? விளக்கடியில் இருந்து எழுத வேண்டாம்.

நாடகத்தைப் பற்றி நீங்கள் மனம் நோகக் கூடாது. அது கற்பனை. வஸ்தியாம்பிள்ளைக்கு மீசை இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அவர் கடலுக்குப் போனவரும் இல்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு அப்பா இருக்கிறார், அதனால்தான் சனங்கள் சிரிக்கிறார்கள். ஆட்டுக்கல் தற்செயலாக வந்தது.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மகன்,
லியோன்

*

சேசு மரி சூசை

குருநகர்,
04.07.1982

மகனுக்கு அப்பாவின் ஆசீர். நான் சுகம், கால் மட்டும் கொஞ்சம் வீக்கம். உன் சுகத்துக்கு மறுமொழி போடு.

கற்பனையாம்! தற்செயலாம்! வள்ளத்து எஞ்சினை ஆட்டுக்கல்லில் பூட்டியவன் இந்த இலங்கையில் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டு. மீசையை ஒட்டிவிட்டால் நான் இல்லை என்றாகிவிடுமா? அந்த அப்பன் ஒவ்வொன்றையும் தொட முன் ‘விடு, நான் பாக்கிறன்’ என்கிறானே, அது யாருடைய வாய்?

ஊர் என்னை என்ன செய்கிறது என்று கேள். துறையடியில் நின்றால் கனிசியஸ் தூரத்திலேயே கத்துகிறான்: “அண்ணை, என்ரை எஞ்சினைக் கண்ணாலையும் பாக்காதேங்கோ! வள்ளம் பறந்திடும்!” மீன் விற்கிற சின்னத்தங்கம் தன் குடையை ஒளித்துக்கொண்டு, “இது இன்னும் நல்லாத்தான் விரியுது, அண்ணை. உங்களுக்குக் காட்ட மாட்டன்” என்கிறாள். இருபது வருடமாக இந்தத் துறையில் நின்ற எஞ்சின்களை ஓட வைத்தவன் நான். இப்போது கனிசியஸ் தன் எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பட்டினத்துக்குப் போகிறான். நேற்று அது என் வாசலைக் கடந்து சைக்கிளில் போனது. போர்த்து மூடிக் கொண்டுபோனான். எஞ்சினின் சத்தத்தை வைத்தே அதன் வருத்தம் என்ன, மருந்து என்ன என்று நான் சொல்லுவேன், அதைப் பேச்சு மூச்சில்லாமல் போர்த்துக் கொண்டுபோனான்!

இன்னொன்று. போன வியாழன் தையல் மெசின் வந்தது. நான் மெசினைத் திருத்திவிட்டு ஓட்டிப் பார்க்க, நான் கட்டியிருந்த சாரம் யன்னல் சீலையோடு சேர்த்துத் தைபட்டது உண்மை. ஆனால் அது நடந்தது எழுபத்தாறில். நீ எழுபத்து நாலிலேயே கொழும்புக்குப் போய்விட்டாய். அப்போது வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். ஆட்டுக்கல்லையாவது கனிசியஸ் உனக்குச் சொல்லியிருப்பான். இதை உனக்கு ஆர் சொன்னது?

அந்த நாடகத்து அம்மா இரண்டு இடத்தில் மெல்லமாகக் கதைத்தா. சத்தமாகக் கதைக்கச் சொல். கனிசியஸ் சொன்னான்.

அப்பன்,
சூசைதாசன்

*

கொட்டாஞ்சேனை,
18.07.1982

அன்புள்ள அப்பா,

உங்களுடைய கால் வீக்கத்தை ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா? நான் சுகமாக இருக்கிறேன், வேலைதான் கூட.

இனி மறைத்துப் பயனில்லை. சொன்னது அம்மா.

நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல அம்மா எனக்குக் கடிதம் எழுதுவாவே, நீங்கள் சொன்னது முதல் நாலு வரிதான் வரும். அதற்குப் பிறகு மூன்று பக்கம் அம்மாவுடையது. ஏழு வருடமும் அப்படித்தான். கொழும்பில் முதல் வருடம் நான் அறையில் தனியே கிடந்து அழுததை எப்படியோ அறிந்துவிட்டா. அதன் பிறகு என்னைச் சிரிக்க வைக்கவென்றே எழுதினா. எழுபத்தொரு கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. நாடகத்தில் வருவதெல்லாம் அவைதான். அம்மா பாத்திரம் பேசுவதும் அம்மா எழுதிய வார்த்தைகள்தான்.

தையல் மெசின் கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். இப்போது உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே.

மகன்,
லியோன்

*

சேசு மரி சூசை

குருநகர்,
15.08.1982

மகன் லியோன் அறிவது. பரலோக மாதாவின் திருநாளில் எழுதுகிறேன். நான் சுகம். சுணங்கியதற்குக் காரணம் உண்டு. அம்மாவின் எழுத்து கொடி மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. சிஸ்டரின் எழுத்து தனித்தனி. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் சென்றது. ஆருக்கும் காட்டவில்லை, ஆரையும் கேட்கவும் இல்லை.

அதில் என்ன எழுதியிருக்கிறா தெரியுமா? உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எழுதுகிறேன். ‘இன்றைக்குக் கொப்பர் தையல் மெசினைத் திருத்தினார். மெசின் இப்போது நன்றாக ஓடுகிறது. கொப்பர்தான் யன்னலோடு நிற்கிறார். நான் சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்த்தான் சிரித்தேன். கத்தரிக்கோலை எடுத்து வாவென்று கூப்பிடுகிறார். கொஞ்சம் நிற்கட்டும் என்று உனக்கு இதை எழுதுகிறேன்.’

கொஞ்சம் நிற்கட்டுமாம்! அன்றைக்கு அரை மணித்தியாலம் கத்தரிக்கோலைத் தேடுகிறேன் என்று சொன்னா, லியோன். நானும் நம்பி, யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கையால் போனவர்களெல்லாம் ‘என்ன அண்ணை, காத்து வாங்கிறியளோ?’ என்று கேட்டார்கள். ஓம் என்றேன். அவ உள்ளே இருந்து கடிதம் எழுதியிருக்கிறா!

அதோடு, இரண்டு சாண் தைபட்டதாக எழுதியிருக்கிறா. பொய். நாலு விரல்.

நான் நாலு வரி சொல்லுவேன். அவ எழுதிக்கொண்டே போவா. ‘இவ்வளவு நேரமாக என்ன எழுதுறாய்?’ என்று கேட்டால், ‘நீங்கள் சுகமெண்டு எழுதுறன்’ என்பா. கடைசியில் நான் நாக்கை நீட்ட, முத்திரையை அதில் நனைத்து ஒட்டுவா. என்னைப் பற்றிய கோள் கடிதத்துக்கு என் எச்சில்!

இன்னும் என்னென்ன பொய் எழுதியிருக்கிறா என்று நான் பார்க்க வேண்டும். மிச்சம் எழுபதையும் அனுப்பு. பதிவுத் தபாலில் அனுப்பு. ஒன்றும் துலையக் கூடாது.

அப்பன்,
சூசைதாசன்

பி.கு. நாடகத்து அம்மா இப்போது சத்தமாகக் கதைக்கிறா. நல்லது.

*

கொட்டாஞ்சேனை,
29.08.1982

அன்புள்ள அப்பா,

சுகம்தானே? பத்துக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், பழையதிலிருந்து வரிசையாக. இவற்றை வாசித்து முடிய எழுதுங்கள், அடுத்த பத்தை அனுப்புகிறேன். ஒரேயடியாக வாசித்துக் கண்ணைக் கெடுக்காதீர்கள்.

அப்பா, ஒன்று கேட்கலாமா? அம்மா பாத்திரம் மெல்லமாகக் கதைத்தது கனிசியஸ் அண்ணை சொல்லித்தான் உங்களுக்குத் தெரியுமா? அவர் அதையெல்லாம் கவனிக்கிற ஆளில்லையே.

மகன்,
லியோன்

*

சேசு மரி சூசை

குருநகர்,
19.09.1982

மகனுக்கு. நான் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. பத்தில் ஆறு வாசித்தேன். ஆறிலும் பொய்.

நீ என்னைக் குற்றவாளிக் கூட்டில் ஏற்றிக் கேட்பதால் சொல்கிறேன். நான் மண்டபத்துக்குள் போகவில்லை. அம்மாவின் ஆண்டுப் பலிப்பூசை முடியும்வரை போகவும் மாட்டேன். கூத்து, படம், பாட்டு ஒன்றும் இல்லை என்று அவவின் சவப்பெட்டிக்கு முன்னால் நினைத்தேன். ஆனால் மண்டபத்துக்கு வெளியே ஒழுங்கை இருக்கிறது. ஒழுங்கைப் பக்கம் யன்னல் இருக்கிறது. யன்னலுக்குக் கீழே நிற்கிறவனுக்குப் படம் தெரியாது. காது இருந்தால் கேட்கும். காதை நான் என்ன செய்ய?

அப்படித்தான் ஒவ்வொரு வியாழனும் நிற்கிறேன். அந்த அப்பனை நான் இன்னும் காணவில்லை. காண விருப்பமும் இல்லை.

அந்த அம்மா ‘இஞ்சருங்கோ’ என்று கூப்பிடுகிறாவே, அதை ஆர் சொல்லிக் கொடுத்தது? நீயா? முதலில் கொஞ்சம் தாழ்த்தி, பிறகு இழுத்து. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது, எனக்குக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி.

போன வியாழன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் மதிலில் சாய்ந்து நிற்கிறேன். உள்ளே இருந்து, ‘இஞ்சருங்கோ, பழுதாக்கிறதுக்கு இன்னும் ஏதும் மிச்சம் இருக்கோ?’ என்று சத்தம் வந்தது. நான் ‘என்னடியப்பா?’ என்றுவிட்டேன்.

மெல்லமாகச் சொல்லவில்லை. மண்டபம் முழுவதும் திரும்பி யன்னலைப் பார்த்தது. கனிசியஸ் எழும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஆர், வஸ்தியாம்பிள்ளையரோ?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். லியோன், நான் கடலில் மூன்று நாள் திசை தெரியாமல் நின்றவன். அப்படி ஒரு வெட்கம் அன்றைக்கும் படவில்லை. ஆடு தேடி வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் ஆடு இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

இதற்கெல்லாம் நீதான் பொறுப்பு.

அடுத்த பத்தையும் அனுப்பு.

அப்பன்,
சூசைதாசன்

*

கொட்டாஞ்சேனை,
10.10.1982

அன்புள்ள அப்பா,

நான் சுகம். இருபது கடிதம் அனுப்பியிருக்கிறேன். உங்களுடைய கடிதத்தைப் பலமுறை வாசித்தேன்.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். கனிசியஸ் அண்ணையிடமிருந்து நீங்கள் அறிவதிலும் நான் சொல்வது நல்லது. அம்மாவாக நடிப்பவர் தை மாதம் புருஷனோடு ஜெர்மனிக்குப் போகிறார். அவருக்குப் பதிலாக இன்னொரு முகத்தைக் கொண்டுவந்தால் சனங்கள் ஏற்கமாட்டார்கள் என்கிறார்கள். ஆகவே மார்கழியில் நத்தார்த் திருநாள் முடிந்த கிழமை நாடகத்தில் அம்மா இறந்துபோவதாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு கிழமை சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளைகளும் மட்டும்.

நான் சம்மதித்துவிட்டேன். மரியாதையாக எழுதுவேன், அப்பா.

ஆண்டுப் பலிக்கு வர முடியுமோ தெரியவில்லை. அந்தக் கிழமை ஒளிப்பதிவு இருக்கிறது.

மகன்,
லியோன்

*

குருநகர்,
15.10.1982

லியோன்,

அந்த அப்பனைக் கூரையால் விழுத்து. கிணற்றில் தள்ளு. அவனுக்கு என் பெயரையே வை, நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

அவவைத் தொடாதே.

ஒரு முறை அடக்கம் பண்ணிவிட்டு வந்து இந்த வீட்டைத் திறந்தவன் நான். அன்றைக்கு நீ இங்கே இல்லை. இப்போது கொழும்பில் இருந்துகொண்டு, ஊரெல்லாம் பார்க்க, வியாழக்கிழமை ஏழு மணிக்கு இன்னொரு முறை பண்ணப் போகிறாயோ? ஆர் உனக்கு அந்த உரிமை தந்தது?

கார்த்திகை பதினேழு, காலை ஆறு மணிப் பூசை. வந்தால் வா.

சூசைதாசன்

*

கொட்டாஞ்சேனை,
21.11.1982

அன்புள்ள அப்பா,

பூசை நன்றாக நடந்ததாக அக்கா எழுதினாள். பதினேழாம் திகதி நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். ஒளிப்பதிவு முதல் நாள் பின்னேரமே முடிந்துவிட்டது. அன்றிரவு ரயிலில் வந்திருக்கலாம். கோட்டைப் புகையிரத நிலையம்வரை போய்த் திரும்பி வந்தேன். வந்தால் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும்.

அன்றைக்கு நீ இங்கே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். உண்மை. தந்தி வந்தபோது நான் அறையில் இல்லை. வானொலி நாடக ஒத்திகை ஒன்றில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். தந்தி கதவுக்குக் கீழே ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தது. நான் வந்து சேர்ந்தபோது மண் மூடி, பூ வைத்தாயிற்று. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. எப்படிப் போனா என்று நீங்களும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை.

அவர்கள் சொல்லித்தான் அந்தக் காட்சியை எழுதச் சம்மதித்தேன் என்று உங்களுக்கு எழுதினேன். அது பாதிதான் உண்மை. ஒரு முறையாவது பக்கத்தில் இருக்க வேண்டும் போல் இருந்தது.

நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் நடிக்க ஆள் இல்லாமல் அம்மாவை எப்படி வைத்திருப்பது, அப்பா? எனக்கு வழி தெரியவில்லை.

மகன்,
லியோன்

*

சேசு மரி சூசை

குருநகர்,
05.12.1982

அன்பு மகன் லியோனுக்கு அப்பாவின் ஆசீரும் முத்தமும். நான் சுகம். நீ கண் விழித்து உடம்பைக் கெடுக்காதே.

விடு, நான் பாக்கிறன்.

முதலில் நீ கேட்காமல் கேட்டதைச் சொல்கிறேன். இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்கும் இல்லை. அன்று காலையில் குசினி யன்னலின் கொளுக்கி கழன்று கிடந்தது. அம்மா கீழே இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. ‘இஞ்சருங்கோ, உந்தக் கொளுக்கியை ஆரும் தெரிஞ்ச ஆளைக் கொண்டு பூட்டுவிப்பமே?’ என்று கேட்டா. எனக்குக் கோபம். ஒன்றும் பேசாமல் ஆணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தா. களைப்பாக்கும் என்று நினைத்து நான் வேலையைப் பார்த்தேன். பூட்டி முடித்து, கதவை இரண்டு தரம் அடித்துக் காட்டி, ‘பார், இப்ப எப்பிடிப் பூட்டுது’ என்றேன். மறுமொழி இல்லை.

நான் ஒரு வேலையை முடித்துக் காட்டி அவ ஒன்றும் சொல்லாமல் இருந்தது, நாற்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தரம். அதில்தான் எனக்கு விளங்கியது. முகம் நல்லாக இருந்தது, லியோன். ஏதோ சொல்ல வாயெடுத்த முகம். நோவு இல்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தாலும் இதைத்தான் கண்டிருப்பாய்.

இனி வேலைக்கு வருவோம். ஆள் இல்லை என்கிறாய். நான் ஐந்து மாதமாக அந்த நாடகத்தைக் கேட்கிறேன். ஆளை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஏதும் குறைந்ததா? நம்முடைய வீட்டில் அம்மா எங்கே நிற்பா? குசினிக்குள். நான் எங்கே? விறாந்தையில். நாங்கள் கதைத்ததில் பாதி சுவருக்கூடாகத்தான். ஆகவே நீ ஒரு சுவரை வை. நடுவில் ஒரு வாசல், அகலம் இரண்டரை அடி, உயரம் ஆறு. சீலை போடு. உள்ளே விளக்கு எரியட்டும். இடைக்கிடை அகப்பை சட்டியில் படுகிற சத்தம் வரட்டும். ஒரு கை மட்டும் தேத்தண்ணியை வெளியே நீட்டலாம், அதற்கு எந்தக் கையும் போதும். அளவைப் படமாகக் கீறி அனுப்புகிறேன். தச்சன் பிழைவிட்டால் எனக்கு எழுது.

குரலுக்கு என்ன செய்வது என்பாய். கடலுக்குப் போகிற எஞ்சின்காரன் உதிரிச் சாமான் இல்லாமல் போகமாட்டான். அந்த அம்மா ஜெர்மனிக்குப் போக முன் இருத்தி வைத்து, குரலை நாடாவில் பிடி. எவ்வளவு பிடிக்க முடியுமோ அவ்வளவு. பிறகு வேண்டிய இடத்தில் வேண்டியதைப் பூட்டு.

என்ன கதைக்க வேண்டும் என்பதை நான் எழுதியிருக்கிறேன். இத்துடன் வரும் கொப்பியைப் பார். நூற்றுப் பதினாறு வசனம். எல்லாம் அவ என்னை ஏசியவை. ஒன்றும் கற்பனை இல்லை. ‘ஏணியிலை ஏற முதல் எனக்குச் சொல்லிப்போட்டு ஏறுங்கோ, நான் செபமாலையை எடுக்கிறன்.’ ‘அது பழுதாகேல்லை, நீங்கள் பாத்ததாலைதான் பயந்துபோய் நிக்குது.’ ‘சாமான் நாலு மிஞ்சிக் கிடக்குது, இதுகள் தேவையில்லாமலே அவங்கள் பூட்டினவங்கள்?’ இப்படி. இன்னும் இருக்கிறது. கொப்பி முடிந்துவிட்டது.

எழுதும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு நல்ல வார்த்தையாவது இருக்குமென்று தேடிப் பார்த்தேன். இல்லை.

அப்பன்,
சூசைதாசன்

*

சேசு மரி சூசை

குருநகர்,
23.01.1983

அன்பு மகன் லியோனுக்கு, புது வருடத்திலும் மாதா உன்னைக் கைவிடாமல் காக்க. நாங்கள் எல்லோரும் சுகம்.

நூற்றுப் பதினாறையும் நாடாவில் பிடித்தாயிற்று, அம்மா சாகவில்லை என்று நீ எழுதிய மூன்று வரிக் கடிதம் கிடைத்தது. மூன்று வரிக்கு ஒரு முத்திரையை வீணாக்கியிருக்கிறாய். போகட்டும்.

துக்க வருடம் கார்த்திகையோடு முடிந்துவிட்டது, உன் புது வாசல் வரட்டும் என்று இருந்தேன். ஆகவே இந்த வியாழன் முகம் வழித்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, மண்டபத்துக்குள் போய் முதல் வரிசைக் கதிரையில் இருந்தேன். உன் வஸ்தியாம்பிள்ளையை முதன்முதலாகக் கண்டேன். லியோன், இவனையா நான் என்று சனம் சொன்னது? ஸ்பனரைக் காதில் செருகியிருக்கிறான்! எந்த எஞ்சின்காரன் ஸ்பனரைக் காதில் செருகுவான்? நட்டைக் கழற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு இறுக்குகிற பக்கம் திருப்புகிறான். நான் எழும்பிச் சொல்லியும்விட்டேன். “இருங்கோ அண்ணை, அவருக்குக் கேக்காது” என்று கனிசியஸ் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தான்.

வாசல் என் அளவில் இருந்தது. சீலையும் சரி. உள்ளே அகப்பைச் சத்தம் வந்தது. பிறகு ‘இஞ்சருங்கோ’ என்று கேட்டது.

அத்தனை பேருக்கு நடுவில் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி வெளியே வந்து யன்னலுக்குக் கீழே பழைய இடத்தில் நின்றேன். அங்கேதான் எனக்கு வசதி. இரண்டாம் தரம் கேட்டது: ‘இஞ்சருங்கோ, என்ன அங்கை சத்தத்தைக் காணேல்லை? சத்தமில்லாட்டித்தான் எனக்குப் பயம்.’ அது நான் எழுதி அனுப்பியதில் நாற்பதாவது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். முன்பு பட்டது போதும்.

உள்ளே ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது கனிசியஸ் உள்ளே இருந்தபடி சொன்னான்: “அண்ணை, அக்கா கூப்பிடுறா. மறுமொழி சொல்லுங்கோ.”

“ஒண்டுமில்லை, நான் பாக்கிறன்” என்றேன்.

மறுநாள் அவன் எஞ்சினைக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான். போர்க்கவில்லை. பட்டினத்தில் அதை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அதைத் தனியாக எழுதுகிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு கோபம் போதும்.

இந்தக் கடிதத்துக்குரிய கோபம் இதுதான். நேற்று, நீ பிறகு அனுப்பிய மிச்ச நாற்பது கடிதத்தில், ஆட்டுக்கல் கடிதத்துக்கு வந்து சேர்ந்தேன். எழுபத்தொன்பது வைகாசியில் எழுதியது. மா பறந்ததும், கனிசியஸின் மூஞ்சியும், சுவரில் இருந்து உழுந்து சுரண்டியதும் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது, ஒன்றுக்கு மூன்றாகக் கூட்டி. அதற்குக் கீழே, ஓரத்தில் இடம் இல்லாமல் நெருக்கி எழுதியிருக்கிறா. அதை வாசிக்க ஒரு பின்னேரம் முழுவதும் சென்றது.

‘நாலு நிமிடம் கல் நல்லாகத்தான் ஆட்டியது, மகனே. வெண்ணெய் மாதிரி இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். இந்த மனுசனிடம் என்ன கெட்டித்தனம் என்று நினைத்தேன். அவருக்குச் சொல்லிப்போடாதே. பிறகு எஞ்சினைக் குசினிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிடுவார்.’

மூன்றரை வருடமும் இது உன் பெட்டியில் கிடந்திருக்கிறது. நான் முதல் கடிதத்திலேயே நாலு நிமிடம், நாலு நிமிடம் என்று கத்தினேனே, நீ வாய் திறந்தாயா? தாயும் மகனும் சேர்ந்து என்னை எவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறீர்கள்! அவ சொல்லாதே என்றால், நீ ஏன் அந்தச் சொல்லைக் கேட்டாய்?

இதை நாடாவில் பிடிக்க அந்த அம்மா இனி இல்லை, ஜெர்மனிக்குப் போய்விட்டா. தேவையும் இல்லை. இதை ஒருவரும் எனக்குச் சொல்ல வேண்டாம். நானே வாசித்துக்கொள்வேன். நேற்றிலிருந்து ஐந்து முறை வாசித்துவிட்டேன், இப்போது எழுத்துக் கூட்டாமலே வருகிறது.

ஆனால் அந்த ஆட்டுக்கல்லை நீ மறுபடியும் காட்ட வேண்டும். நாலு நிமிடமும் முழுசாகச் சுற்ற வேண்டும். மண்டபத்துச் சுவரில் மணிக்கூடு இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு மாவை யாருடைய முகத்தில் வேண்டுமானாலும் எறி.

இவ்வளவுதான் இப்போதைக்கு. பேனையில் மை முடிகிறது, கோபம் முடியவில்லை.

உன் அப்பன்,
வ. சூசைதாசன்